பொரி உட்கார்ந்த செடி

ஆற்றுக்குப் போகலாம் என்று பொரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைவேலு களைக்கொத்தைக் கையில் எடுத்தாலே அதற்குத் தெரிந்துவிடும். படலுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்று, வருகிறாயா இல்லையா என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும். உடம்பெல்லாம் செவலை. முதுகில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, நோம்பிப் பொரியை யாரோ ஒரு கை அள்ளி வீசினதுபோல. அந்தப் பேரை வைத்தவன் அத்தியப்பன், குழந்தைவேலுவின் அக்கா புருஷன். நாயும் அவன் வளர்த்ததுதான்.

அத்தியப்பன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். எங்கேயோ ஒரு மலைக்காட்டில் வண்டி நின்றபோது டீ குடிக்க இறங்கினான், திரும்பி ஏறவில்லை என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள். தேடினார்கள். போலீசில் சொன்னார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் மூன்று ஆடி வந்து போய்விட்டது. இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

அக்கா பாவாயி மட்டும், அவர் இருக்கிறார் என்பதில் அசையாமல் நின்றுவிட்டாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, எல்லாம் இருந்தபடி இருந்தது. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து பழைய தாலிக்கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வாள். ஊரில் சிலர் வாயைக் கோணினார்கள். அவள் அதைக் கண்டுகொண்டதில்லை.

அன்று காலையும் வாசல் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "கொழந்தே, நாளைக்கு நோம்பி. மருத மரத்தடியிலதான் உக்காரப் போறேன். அங்க ரொம்பப் போட்டுக் கொத்தாத. மேலால கூட்டிவுட்டாப் போதும்."

"ஏன், எனக்கு இடுப்புப் புடிச்சுக்கும்னா?"

"ஆமா. அப்பறம் தைலம் தேய்க்கறது ஆரு?"

ஐம்பதைத் தாண்டியும் அக்காவுக்கு அவன் கொழந்தைதான். சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

பவானியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. செம்மண் கலங்கி, நாணல் பாதி முங்கி நின்றது. கரையோரம் எருக்கு, ஆவாரை, தும்பை, காட்டாமணக்கு என்று அவனுக்குத் தெரிந்த முகங்கள். நடுநடுவே தெரியாத முகங்கள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் நொச்சி. கிட்டப் போனால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றுக்கு இலையின் அடிப்பக்கம் சிவந்திருக்கும். ஒன்றுக்குத் தண்டெல்லாம் பூனைமயிர். ஒன்று பட்டப்பகலில் இலையை மூடிக்கொண்டு நிற்கும், தூங்குகிற மாதிரி. இரண்டு செடி அச்சாக ஒரே மாதிரி இருந்து அவன் பார்த்ததில்லை.

செத்தவர்களின் வாசம் வீசுகிற இவற்றை மயானத்துச் செடி என்று ஊரில் சொன்னார்கள். அவற்றைப் பிடுங்குவதுதான் இப்போது அவனுக்கு வேலை. மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோனுக்கு நொச்சிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதனால் ஆளை வைத்துப் பிடுங்குகிறார்கள். நோம்பிக்கு ஊர் ஜனம் முழுக்க ஆற்றுக்கு வரும். அதற்குள் கரையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாத்தியார் செத்த பிறகு அவர் வீட்டு நாய் ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து, எழுந்திருக்காமல், சோறு தண்ணியில்லாமல் செத்தே போயிருந்தது.

பொரி இந்தச் செடிகளைச் சட்டை செய்ததே இல்லை. மோந்து பார்க்கும், காலைத் தூக்கும், போய்விடும். இத்தனை நாளும் வேலை கீழ்க்கரையில். அன்றைக்குத்தான் மருத மரத்துப் பக்கம்.

மரத்தை நெருங்கும்போது பொரி சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல், வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, பெரிய வேருக்குப் பின்னால் போனது. அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. அதன் முன்னால் உட்கார்ந்து வாலால் மண்ணை அடித்தது. முனகியது. முன்னங்கால்மேல் தலையை வைத்து, அத்தியப்பனின் கட்டிலுக்கடியில் படுக்கிற மாதிரியே படுத்துக்கொண்டது.

குழந்தைவேலு களைக்கொத்தைக் கீழே வைத்தான். ஒரு இலையைக் கிள்ளி, விரலால் கசக்கி, மூக்கருகில் கொண்டுபோனான்.

டீசல். பீடி. அதற்கடியில், வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்காரும்போது வீசுகிற அந்த ஆளுடைய வாசம். சந்தேகமே இல்லை, மச்சான்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. மூக்கைச் சுருக்கென்று குத்துகிற, நன்றாகப் பழகின ஏதோ ஒன்று. அது என்னவென்று பிடிபடவில்லை. பிடிபடும்வரை மோந்துகொண்டு நிற்கத் தெம்பும் இல்லை. இலையைக் கீழே போட்டுவிட்டான்.

பொரியைக் கூப்பிட்டான். அது வரவில்லை.

மயானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பவுனாத்தாள் முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே பெருக்குகிற வேலை. பாவாயியும் அவளும் சின்ன வயசில் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள்.

"பவுனக்கா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு. என்றா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? வெடியால காப்பி குடிக்கலியா?"

"இந்த வெதைக்குள்ள வாசம் எப்படிப் போகுது?"

பவுனாத்தாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "செத்தவங்க கடைசியா உடுத்தியிருந்த துணிய மெசினுக்குள்ள வெப்பாங்க. துணியில என்னென்ன வாசம் இருக்குதோ, ஒண்ணுவுடாம அது படிச்சுக்கும். படிச்சதை வெதைக்குள்ள எழுதிரும். எப்படி எழுதுதுன்னு என்னைக் கேக்காத. மொளைச்சு வெயில் பட்டா எல அந்த வாசத்தை வுடும். நம்ம மூக்குக்குக் கசக்கினாத்தான் தெரியும். நாய்க்குக் கசக்கவே வேண்டாம்."

"அப்ப எல்லாத்தையும் எழுதிருமா? ஆள் வாசம் மட்டுமில்லாம?"

"சுருட்டுக் குடிச்சவருக்குச் சுருட்டும் சேந்துதான் வரும். அதுக்குத் தெரியுமா, எது ஆளு, எது சுருட்டுன்னு?" அவள் மயானத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள். வரிசையாகப் பாத்தி கட்டி, சொட்டுநீர்க் குழாய் போட்ட தோட்டம். ஒரு செடி இல்லை. "அங்க நட்டு வெய்யுங்கன்னு சொல்லித்தான் சாம்பலோட வெதையையும் கலயத்துல போட்டுக் குடுத்தாங்க. நம்ம சனம் என்ன பண்ணுச்சு? மயானத்துல குடுத்ததை மண்ணுல வெப்பாங்களா, ஆத்துல வுடறதுதான் மொறைன்னு கலயத்தோட கொண்டுபோய்க் கரைச்சுட்டாங்க. ஆறு சும்மா இருக்குமா? கரைகரையாக் கொண்டுபோய் நட்டிருச்சு."

"செத்தவங்களுக்கு மட்டுந்தான் செய்வாங்களா?"

பவுனாத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "சட்டம் அப்படித்தான். ஏன் கேக்கற?"

"மருத மரத்தடியில ஒண்ணு நிக்குது. பொரி போயி உக்காந்திருச்சு. எந்த ஊர் மயானத்துல, ஆரு போட்டு எரிச்சாங்களோ..."

"அதைப் புடுங்காத, கொழந்தே."

"உத்தரவு இருக்குதே."

"இருக்கும். மொதல்ல உங்க அக்காகிட்டப் பேசு."

"என்னன்னு பேசட்டும்? நாளைக்குக் கயிறு மாத்தறேன்னு மஞ்சள் அரைச்சு வெச்சிருக்கறா. மாத்தாதக்கா, கழட்டிருன்னு சொல்லட்டுமா?"

பவுனாத்தாள் வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். "பேசுன்னுதான் சொல்றேன்" என்றாள், போய்விட்டாள்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. மற்ற ஆட்கள் பிடுங்கிப் பிடுங்கி மணல்திட்டில் குவித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். குழந்தைவேலு பொரியைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து ஒரு கல்லில் கட்டிவிட்டு, தானும் பிடுங்கினான். களைப்பு தெரியாமலிருக்க ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் சொன்னான்:

"எங்க மாமியா செடி எங்க கக்கூசுக்குப் பின்னாலயே வந்து மொளைச்சிருக்குதுங்க. உள்ள போயி உக்காந்தா, 'இன்னுமா?'ன்னு கேக்கற மாதிரியே இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மாதையன்கூடச் சிரித்தார். "பரவால்லடா. எங்க சின்னான் வூட்ல ஆடு ஒரு செடியத் தின்னுபோட்டு, மக்யா நாளு, விடிஞ்சதும் கறந்த பால்ல செத்துப்போன தாத்தன் வாசம். காப்பியக் கையில வெச்சுட்டு வூடே அழுதுதாமா. அப்பறம் அந்த ஆட்டை விக்கவும் மனசில்ல, கறக்கவும் மனசில்ல."

மாதையன் உத்தரவை மீறாத மனுஷன். ஆனால் போன வாரம் ஒரு அம்மா, தன் மகனுடைய செடி என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றபோது, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா தானாகக் கையை எடுத்த பிறகுதான் எழுந்தார்.

"மருத மரத்துப் பக்கம் ஆச்சா, கொழந்தைவேலு?"

"ஆகலீங்க. நானே பாத்துக்கறேன்."

குனிந்து குனிந்து இடுப்பு கழன்றது. மனசு ஒரே இடத்தில் செக்கு மாதிரி சுற்றியது. நாளைக்கு அக்கா சரியாக அந்த இடத்தில் வந்து உட்காருவாள். பொரி கூடவே வரும். போய்ப் படுக்கும். அக்கா பார்ப்பாள். ஒரு இலையைக் கிள்ளுவாள். புதுக்கயிறு கையில் இருக்கும், பழைய கயிறு கழற்றியாகியிருக்கும், அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியும். ஊரே பார்த்துக்கொண்டிருக்க.

மச்சான் போய்விட்டார் என்பதை ஒருத்தர் சுமந்தால் போதாதா? தன்னுடையது மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பு. இதையும் தூக்கட்டும். அக்கா கயிறு மாற்றிக்கொண்டே இருக்கட்டும், அவள் காலம் உள்ளமட்டும்.

வெயில் தணிந்ததும் மருத மரத்தடிக்குப் போனான். கட்டியிருந்த கயிற்றை எப்படியோ அறுத்துக்கொண்டு பொரியும் வந்துவிட்டது. செடியின் அடியைப் பிடித்தான். பொரி அவன் மணிக்கட்டைக் கவ்வியது. கடிக்கவில்லை. பல் பட்டும் படாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது.

"வுடு சாமி" என்றான். "அக்காவுக்காகத்தான்."

செடி சுலபமாக வந்துவிட்டது. வேரோடு ஒட்டியிருந்த மண் கருப்பாக, ஈரமாக இருந்தது. ஆற்றங்கரையில் அவ்வளவு மேட்டில் அந்த மண் எப்படி ஈரமாக இருக்கும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. கொண்டுபோய்க் குவியலின் நடுவில் திணித்தான். மேலே இன்னும் நாலைந்து கட்டு விழுந்தது. பொரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

பொரி சோற்றைத் தொடவில்லை. படலோரம் ஆற்றைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. பாவாயி அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். நோம்பிக்குச் சீலை எடுக்கத் தகரப்பெட்டியைத் திறந்தாள்.

குப்பென்று வாசம் வந்தது. பாச்சை உருண்டை.

குழந்தைவேலு வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டான். மூக்கைச் சுருக்கென்று குத்துகிற, பழகின வாசம். காலையில் பிடிபடாதது இதுதான். எரிக்கப் போகிற பிணத்தின் துணியில் பாச்சை உருண்டை எங்கிருந்து வரும்? பெட்டியில் மடித்து வைத்த துணியில்தான் வரும்.

"அக்கா, மச்சானோட கட்டம் போட்ட சட்டை ஒண்ணு இதுல இருந்துதே."

பாவாயி பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்தாள். "பவுனு சொல்லிட்டாளா?"

"இல்ல."

"அவளுக்கு வேலை போயிரும்டா. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத." சீலையை மடியில் வைத்துத் தடவினாள். "வாசம் போயிட்டே இருந்துச்சு, கொழந்தே. தொறக்கத் தொறக்கக் கொறைஞ்சுது. தொறக்காம இருக்கவும் முடியல. கடைசில பாச்சை உருண்டைதான் அடிச்சுது, அவரு எங்கயோ அடியில இருந்தாரு. முழுசாப் போறதுக்குள்ளன்னு பவுனு கையில குடுத்தேன். ஒரே ஒரு வெதை, ஆருக்கும் தெரியாமப் பண்ணிக் குடுத்தா."

"அது செத்தவங்களுக்குப் பண்றதாச்சே அக்கா."

"அதுனாலதான் வூட்ல வெக்கல. வூட்ல வெச்சா அவரு செத்ததுக்கு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. சட்டையப் பெட்டியிலயே வுட்டாலும் வாசம் தங்காது. ஆத்தங்கரை அவரு ஊருக்கு வர்ற வழிதானே? அங்க நின்னா, வந்துட்டு இருக்கற மாதிரி." தலையை நிமிர்த்தினாள். "துணி தொவைக்கப் போறப்பவெல்லாம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வருவேன். மருத மரத்தடியில கொத்தாதன்னு சொன்னேனே. பாத்தியா? நல்லா நிக்குதா?"

"நிக்குதுக்கா" என்றான் குழந்தைவேலு.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற? பொழுது எறங்குது."

"பொரிக்கு வெளிய போகோணுமாட்ட இருக்குது."

படலைத் திறந்ததும் பொரி பறந்தது. அவன் பின்னால் ஓடினான். அவன் ஓடி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மணல்திட்டில் குவியல் ஆள் உயரத்துக்கு நின்றது. எல்லாச் செடியும் வாடி, தலை தொங்கி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. காலையில் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருந்தவை, இப்போது எல்லாம் ஒன்று. கைக்கு வந்ததை இழுத்துக் கசக்கி மோந்தான். வெற்றிலை. இன்னொன்று. யாரோ பூசின பவுடர். இன்னொன்று, பால்கட்டின வாயோடு தூங்குகிற குழந்தையின் வாசம். அதை மெதுவாக, எடுத்த இடத்திலேயே வைத்தான். இத்தனை நாளும் களை என்று நினைத்துத்தான் பிடுங்கினான். இப்போது கை கூசியது. ஊரில் பாதிப்பேர் இங்கே கிடந்தார்கள்.

பொரி குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கே குழம்பியது. அத்தனை பேர் நடுவில் ஒருத்தரைத் தேட வேண்டும். நின்றது, தும்மியது, மறுபடி சுற்றியது.

"தேடு சாமி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன், நீ பண்ணிராத."

பொரி முன்னங்காலால் பறித்தது. ஒரு பக்கமாகத் தலையை நுழைத்து, பாதி உடம்பு உள்ளே போய், பின்பக்கமாகவே வெளியே வந்தது. வாயில் செடி. குழந்தைவேலுவின் மணிக்கட்டை வைத்திருந்த மாதிரியே, பல் பட்டும் படாமல்.

மருத மரத்தடியில் அதே குழியில் வைத்தான். வேரில் பாதி அறுந்திருந்தது. தலைத் துண்டை ஆற்றில் நனைத்து நனைத்துக் கொண்டுவந்து பிழிந்தான். மண்ணை அணைத்து மிதித்தான். நிற்குமா நிற்காதா தெரியவில்லை. முழுக்க இருட்டின பிறகும் பொரி எழுந்திருக்கவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

நோம்பியன்றைக்குக் கரை கொள்ளாத கூட்டம். முளைப்பாலிகை, தேங்காய் பழம், பிள்ளைகளின் கூச்சல். மாதையன் வெள்ளைவேட்டி கட்டி, கரையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். மருத மரத்தடியில் நின்றார். வேருக்குப் பின்னால் ஒரு செடி, இலையெல்லாம் தொங்கிப்போய், ஆனால் குருத்து மட்டும் நிமிர்ந்து.

"கொழந்தைவேலு, இதென்ன செடி?"

"நொச்சிங்க."

மாதையன் குனிந்து பார்த்தார். அதன்முன் படுத்திருந்த பொரியைப் பார்த்தார். அதற்கும் இந்தப் பக்கம், மஞ்சள் தடவின புதுக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவாயியைப் பார்த்தார்.

"நொச்சியேதான்" என்றார். "நொச்சியப் புடுங்க உத்தரவு இல்ல." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

பாவாயி கயிற்றைக் கட்டி முடித்தாள். பழைய கயிற்றை ஆற்றில் விட்டுவிட்டு வந்து, சொம்பில் மொண்டுவந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். "ஏன்டா இப்படி வாடிப்போச்சு?"

"நேத்து வெயில் ஜாஸ்தி."

அவள் தண்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். காம்பு மட்டும் இருந்தது. "இங்க ஒரு எலையக் கிள்ளியிருக்குது."

குழந்தைவேலு ஆற்றைப் பார்த்தான்.

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் இதுவரைக்கும் கசக்கிப் பாத்ததில்லடா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பயம். மெசினு படிக்கறப்ப அவரு அதுல மிச்சம் இருந்தாரோ என்னமோ. வேற ஆரு வாசமாச்சும் வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு, தண்ணிய ஊத்திட்டு ஊத்திட்டு ஓடியாந்திருவேன்." புதுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அவருதானா?"

"அவருதான். டீசலு, பீடி எல்லாம் இருக்குது." பொரியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "கூடவே பாச்சை உருண்டையும்."

பாவாயி அவனையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"வரட்டும்" என்றாள். "வந்தா இந்தப் பாச்சை உருண்டையச் சொல்லியே என்னை வைவாரு."

பொரி ஒரு காதை மட்டும் தூக்கிக் கேட்டுவிட்டு, மறுபடி தலையை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டது.